விடைத்தாளில் நீங்கள் போடும் கையெழுத்து

(2021 ஜூலை இறுதியில் மதரஸா கூடத்தில், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியரின் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நோய்த்தொற்றுக் காலம் என்பதால் இடைவெளி விட்டு உட்கார வைத்திருக்கிறோம். அதனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்க முடியவில்லை. கூட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். மே, ஜூன் மாதங்களில் நமதூர் பார்த்த ஜனாஸாக்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் துக்கம் ஆறாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகளின் படிப்புக்காக வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

இன்று பேச வந்த விஷயம் ஒன்றுதான். நம் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து, கைபேசி வழியாகத் தேர்வு எழுதுகிறார்கள். அதற்கு அவர்களை எப்படித் தயார்படுத்துவது? அதைவிட முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களாகிய நாம் எப்படித் தயாராவது?

"வீட்டில் எழுதும் தேர்வுதானே, இதெல்லாம் ஒரு தேர்வா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். இப்போது பிளஸ் 2 படிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020-இல் ரத்தானது. பதினொன்றாம் வகுப்பில் 2021-இல் தேர்வு இல்லாமலே தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள். ஆக, அந்தப் பிள்ளை கடைசியாக ஆண்டுத் தேர்வு எழுதியது ஒன்பதாம் வகுப்பில், 2019-இல். பிளஸ் 1 படிக்கும் பிள்ளைக்கோ கடைசி ஆண்டுத் தேர்வு எட்டாம் வகுப்பில். இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதிப் பழகவில்லை. நாளைக்குப் பொதுத்தேர்வு வந்தால், நீட் போன்ற நுழைவுத்தேர்வுக்குப் போனால், மண்டபத்தில் தனியாகத்தான் உட்கார வேண்டும். அங்கே காக்காவும் வர மாட்டார், கைபேசியும் வராது.

இன்னொன்றையும் பாருங்கள். இம்மாதம் 19-ஆம் தேதி பிளஸ் 2 மதிப்பெண் வந்தது. பொதுத்தேர்வு நடக்காத நிலையில் அந்த மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள்? பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பு எழுத்துத்தேர்விலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். "பிளஸ் 1 மார்க் கல்லூரிக்குக் கணக்கில்லை" என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதையும்தான் கடைசியில் எடுத்தார்கள். 2020-இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதமும் வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்தார்கள். எந்தத் தேர்வு எப்போது கணக்கில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சின்னத் தேர்வு என்று எதையும் தள்ளிவிட முடியாது என்பது இந்த இரண்டு வருடம் கற்றுக்கொடுத்த பாடம்.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் எப்படியாவது மார்க் வாங்கிவிட வேண்டும்" என்று ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணம் எங்களுக்கும் வந்தது. அதனால் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஊரடங்கின்போது, இணையவழித் தேர்வில் முதலிடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு ஒருவராக ஆயிரம் ரூபாய் பரிசு என்று அறக்கட்டளை சார்பில் அறிவித்தோம். பிள்ளைகளை ஊக்கப்படுத்துவதாக எங்கள் நிய்யத். ஐம்பதுக்கு ஐம்பது, ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என்று மதிப்பெண்கள் வந்து குவிந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். பரிசு கொடுத்தோம்.

இந்த ஆண்டு ஜனவரியில் 10, 12-ஆம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது, நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கும் பிள்ளைகள் வந்தார்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டு எழுதச் சொன்னார். கணக்கில் எங்களிடம் பரிசு வாங்கிய ஒரு மாணவி பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மக்ரிபுக்கு முன் அவளுடைய உம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாங்கள் கொடுத்த அதே கவர். "காக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் காசை அவ வச்சுக்க மாட்டேங்குறா. பரீட்சையை அவ எழுதலையாம். அவ காக்காதான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல இவ எழுதுனாளாம். நெட் கார்டு போட்டதுல நூறு ரூபா குறையுது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தாறேன்" என்றார்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. இரவில் பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், "உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறானே" என்று மறுத்த பால்காரப் பெண்ணின் வரலாற்றை இதே மதரஸாவில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்போம்! சொல்லிக்கொடுத்த நாங்கள் பரிசு வைத்து வீடுகளைச் சோதனையில் தள்ளினோம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கவரைத் திருப்பி அனுப்பினாள்.

அதற்கடுத்து அந்த உம்மா சொன்னதுதான் எங்களை உலுக்கியது. "கணக்கு வராத பிள்ளையைப் போட்டு ஏன் வதைக்கணும், படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்த்துடலாம்னு வீட்டுல பேசுறாங்க" என்றார். ஒரு பொய் மதிப்பெண் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு எதிலே குறை என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஐம்பதுக்கு ஐம்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது இருபது என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். கடைசியில் எல்லாம் வெளிப்பட்டபோது, படிப்பே வேண்டாம் என்ற முடிவு வாசலில் வந்து நின்றது. இந்த விஷயத்தை, அந்தத் தாயும் மகளும் அனுமதி தந்த பிறகே, பெயர் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறோம்.

தேர்வு என்பது மருத்துவரிடம் காட்டும் இரத்தப் பரிசோதனை மாதிரி. நோயாளியின் இரத்தத்துக்குப் பதிலாக நல்ல ஆரோக்கியமானவரின் இரத்தத்தைக் கொடுத்தால் ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது நம் பிள்ளைகளின் பள்ளிகளில் அலகுத்தேர்வு நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். வினாத்தாள் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளை தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்தும் கேட்கிறார்கள். பலர் அதை ஒரு சடங்காக நினைக்கிறோம். பிள்ளை எழுதத் தொடங்கும் முன்பே வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அந்தக் கையெழுத்து ஒரு சாட்சியம். "என் பிள்ளை என் வீட்டில், என் பார்வையில், தானாக எழுதியது" என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். பார்க்காததற்குச் சாட்சி சொல்லலாமா என்று மார்க்கம் தெரிந்த உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது ஆசிரியர் உங்களை நம்பி ஒப்படைத்த அமானிதம்.

"நாங்க படிக்காதவங்க, நாங்க என்னத்தை மேற்பார்வை பார்க்க?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். தேர்வு மண்டபத்தில் தமிழாசிரியர்தான் வேதியியல் தேர்வுக்கு மேற்பார்வையாளராக வந்து நிற்கிறார். அவருக்குச் சமன்பாடு தெரிய வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். நமதூரில் ஒரு வீட்டில், அரபுத்தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு நன்னி, பேத்தி தேர்வு எழுதும்போது தஸ்பீஹ் மணியோடு பக்கத்தில் அமர்ந்துகொள்கிறார். யாராவது உள்ளே வந்தால் விரலை வாயில் வைத்துக் காட்டுகிறார். அதைவிட நல்ல மேற்பார்வையாளர் யார் இருக்கிறார்?

இனி, செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். தாளும் பேனாவும் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கைபேசி. "மூணு பிள்ளை, ஒரே போன், மூணு பேருக்கும் ஒரே நாளில் பரீட்சை, என்ன செய்ய?" என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால், ஒரு தேர்வுக்குக் கைபேசி தேவைப்படுவது தொடக்கத்தில் பத்து நிமிடமும் முடிவில் கால் மணி நேரமும்தான். வினாத்தாள் வந்ததும் பிள்ளை கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு கைபேசியை உம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். படம் பார்த்து எழுத வேண்டிய கேள்வி ஏதாவது இருந்தால் அதை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கட்டும். இப்படிச் செய்தால் அடுத்த பிள்ளைக்கும் கைபேசி கிடைக்கிறது. பக்கத்தில் கைபேசி இருந்தால் வரும் சபலமும் இல்லை. தேர்வுக்கு முந்திய நாளே யாருக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இணையத்திலேயே டிக் செய்யும் கூகுள் ஃபார்ம் தேர்வுக்கு மட்டும் முழு நேரமும் கைபேசி வேண்டும். அந்தப் பிள்ளைக்கு முதல் உரிமை கொடுங்கள்.

இரண்டாவது, ஒத்திகை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பழைய வினாத்தாளை வைத்து, எழுதுவது முதல் அனுப்புவது வரை ஒருமுறை செய்து பாருங்கள். தேர்வு நாளில் பிள்ளைகள் தவறவிடுவது பதிலை இல்லை, அனுப்புவதைத்தான். முன்பு எல்லாரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனர் செயலி சென்ற ஆண்டு ஜூனில் தடையானது. ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் டிரைவிலேயே தாளை ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது, காசு இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், வகுப்பு, பக்க எண் எழுதப் பழக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளை வைத்து, நம் நிழல் விழாமல் நேராக மேலிருந்து எடுக்க வேண்டும். மின்விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள், தாள் பறக்காது. எல்லாப் பக்கமும் வரிசையாக ஒரே கோப்பில் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். விடைத்தாளை வீசிவிடாதீர்கள். ஆசிரியருக்குக் கோப்பு திறக்கவில்லை என்றால் அதுதான் ஆதாரம்.

மூன்றாவது, மின்சாரமும் இணையமும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை செய்யும் நாளைப் பத்திரிகையில் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். முந்திய இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். கைபேசியில் இடம் இல்லாவிட்டால் கோப்பு சேமிக்காது. குடும்பக் குழுக்களில் வந்து நிறைந்த வீடியோக்களை அழித்துவிடுங்கள். எந்த மூலையில் சிக்னல் நன்றாக வருகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவிடம் தேர்வு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பாதித் தேர்வில் துபாயிலிருந்து வீடியோ கால் வந்தால் பிள்ளை எடுக்காமலும் இருக்க முடியாது, எடுத்துவிட்டு எழுதவும் முடியாது. அதோடு, இணையம் நின்றுபோனால் பிள்ளை பதற வேண்டாம், எழுதிக்கொண்டே இருக்கட்டும். ஆசிரியரின் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்தாவது பேசித் தகவல் சொல்லிவிடலாம்.

நான்காவது, இடமும் நேரமும். மெத்தையில் படுத்துக்கொண்டு எழுதுவது தேர்வு ஆகாது. மேசை இல்லாவிட்டால் குர்ஆன் ஓதும் பலகை மாதிரி ஒரு பலகை போதும். பொதுத்தேர்வைப் போலவே கடிகாரம் வைத்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதட்டும். மாலைத் தேர்வு என்றால் லுஹர் தொழுதுவிட்டு உட்காரட்டும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி வேண்டாம். வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதைத் தள்ளிப்போடுங்கள். கடைக்குப் போய்வரச் சொல்லி அந்தப் பிள்ளையை எழுப்பாதீர்கள். நோன்பு வைத்திருக்கும் பிள்ளைக்காக வீடே அனுசரிக்கிறதல்லவா, அப்படித்தான்.

ஐந்தாவது, பெண்பிள்ளைகள். இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். நம் வீடுகளில் ஒரு கைபேசி இருந்தால் அது முதலில் ஆண்பிள்ளைக்குத்தான் போகிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு போன்?" என்று கேட்கிறோம். பயம் நியாயமானதுதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்கு வழியும் இருக்கிறது. குழுவில் பிள்ளையின் எண்ணுக்குப் பதிலாக உம்மாவின் எண்ணைக் கொடுங்கள். மாணவிகளுக்குத் தனிக் குழு வைக்கும்படி பள்ளியில் கேளுங்கள். முகப்புப் படம் வைக்க வேண்டாம். கூடத்தில் எல்லார் கண்முன்னும் கைபேசியைப் பயன்படுத்தட்டும். பயத்துக்கு வழி செய்துவிட்டுத் தேர்வை எழுத விடுங்கள். பயத்தைக் காரணம் காட்டித் தேர்வைத் தவற விட்டால், ஒரு தேர்வு போய், ஒரு பாடம் போய், கடைசியில் பள்ளியே போய்விடும். கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மேடையில் பேசுகிறோம். அதை வீட்டில் ஒரு கைபேசியின் விஷயத்தில் காட்டுவோம்.

இனி, அறக்கட்டளையின் பங்கு. அந்தப் பரிசை நிறுத்திவிட்டோம். அந்தத் தொகையை, திருத்தி வந்த விடைத்தாளில் எந்தப் பாடத்தில் குறைவோ அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் ஊதியத்துக்குத் திருப்பியிருக்கிறோம். குறைந்த மதிப்பெண் வாங்கிய விடைத்தாளோடு வரும் பிள்ளையை எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார்கள். இது எங்கள் வாக்குறுதி. கல்வி உதவித்தொகைக்கும் இந்த வீட்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணைக் கேட்க மாட்டோம்.

வீட்டில் இடமோ கைபேசியோ இல்லாத பிள்ளைகளுக்காக மதரஸாவில் இரண்டு அறைகளை ஒதுக்கியிருக்கிறோம். அறைக்கு நான்கு பேர், இடைவெளி விட்டு உட்காரலாம். காலையில் மாணவிகள், ஆலிமா ஒருவர் மேற்பார்வையில். பிற்பகலில் மாணவர்கள். பள்ளியின் தேர்வு நேரம் இதற்கு ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். வசதி உள்ளவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: புதிய கைபேசி வேண்டாம். புதிது வாங்கியதும் மேசை அறையில் போட்டு வைத்திருக்கும் பழையதைக் கொடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் போதும். கல்லூரியில் படிக்கும் நமதூர்ப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறோம். தம்பி தங்கையரின் தேர்வு நேரத்தில் பக்கத்தில் உட்காராதீர்கள். தேர்வுக்கு முந்திய நாள் உட்காருங்கள். அன்று சொல்லிக்கொடுப்பது ஸதகா. தேர்வு நேரத்தில் சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

முடிக்கும் முன், அந்த மாணவியைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். எங்கள் மீதுதான் தவறு என்று சொன்னோம். ஆசிரியர் உட்கார்ந்து பார்த்தபோது, பின்னமும் கூட்டல் கழித்தல் குறிகளும்தான் அவளுக்குத் தடுமாற்றமாக இருந்தன. ஏழு, எட்டாம் வகுப்பிலேயே நின்றுபோன பாடம். அதிலிருந்து தொடங்கினோம். இன்று அவள் பிளஸ் 1-இல் வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். மாப்பிள்ளைப் பேச்சு இப்போதைக்கு அந்த வீட்டில் இல்லை. போன வாரம் எங்கள் ஆசிரியர் வைத்த ஒரு தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தேழு எடுத்தாள். அவளுடைய உம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். கீழே அவர் கையெழுத்து இருந்தது. "இது முழுக்க அவ எழுதுனது, நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றார். அந்த இருபத்தேழைப் பார்த்தபோது, முன்பு நாங்கள் பரிசு கொடுத்த ஐம்பது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டோம்.

பள்ளி எப்போது திறக்கும் என்று அல்லாஹ்வே அறிந்தவன். திறக்கும் நாள்வரை நம் வீடுதான் தேர்வு மண்டபம், நாம்தான் மேற்பார்வையாளர்கள். பிள்ளை எழுதி முடித்த பிறகு, பார்த்த பிறகு, கையெழுத்துப் போடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. பயனுள்ள கல்வியையும், யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக நிற்கும் உள்ளத்தையும் அவர்களுக்கும் நமக்கும் தருவானாக. ஆமீன்.